யு-பூட்: எண்ணை இழந்த பெயர்

ரவுட்டர் போன்ற சாதனங்களின் போர்டில் சீரியல் கேபிளை இணைத்து மின்சாரம் கொடுத்தால், பெரும்பாலும் திரையில் முதலில் வருவது 'யு-பூட்' என்ற பெயர்தான். ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்துகொண்டு லினக்ஸை எழுப்பிவிடும் பூட்லோடர் அது.

அதன் முதல் பெயர் '8எக்ஸ்எக்ஸ்ரோம்'. பவர்பிசி 8எக்ஸ்எக்ஸ் சிப்புகளுக்காக மேக்னஸ் டாம் எழுதியது. ஜெர்மனியின் வுல்ஃப்காங் டெங்க் அதை சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் ஏற்றப் போனபோது, பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது என்று அங்கே விதி இருந்தது. எண்கணிதம் பார்த்துப் பெயரை மாற்றுகிறவர்களை நமக்குத் தெரியும். இங்கே எண் இருந்ததே தோஷமாகிவிட்டது! 'பிபிசிபூட்' என்று பெயர் மாறியது.

அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. 'பிபிசி' என்றால் பவர்பிசி. ஏஆர்எம் சிப்புகளுக்காக 'ஏஆர்எம்பூட்' என்று ஒரு கிளை பிரிந்து, மீண்டும் தாய்மரத்தோடு சேர்ந்தது. இரண்டுக்கும் பொதுவாக 2002 நவம்பரில் வந்ததுதான் யு-பூட் 0.1.0. 'யு' என்பது யுனிவர்சல்.

டெங்க் அதோடு விடவில்லை. முன்னால் 'தாஸ்' என்ற ஜெர்மன் சுட்டையும் சேர்த்தார். ஜெர்மனில் யு-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். 1981இல் வந்த 'தாஸ் பூட்' என்ற நீர்மூழ்கிப் படத்தை நினைவூட்டும் குறும்பு அது. வேடிக்கை என்னவென்றால், எழுத்தில் ஒன்றாக இருக்கும் இந்த இரண்டு 'பூட்'களுக்கும் உறவே கிடையாது. ஜெர்மன் சொல்லின் உச்சரிப்பு 'போட்', பொருள் படகு. கணினிக்காரர்களின் 'பூட்' காலணியிலிருந்து வந்தது. தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்திழுத்து மேலே எழும்புவது நடக்காத காரியம். நிரலை ஏற்றவே இன்னொரு நிரல் தேவைப்படும் கணினியின் சங்கடத்துக்கு அந்த உவமை கச்சிதமாகப் பொருந்தியது.

பழுது பார்ப்பவருக்கு இந்தப் பெயர் ஒரு நாடித்துடிப்பு. அது வந்துவிட்டால் செயலி பூட்லோடரைப் படித்துவிட்டது என்று பொருள். அடுத்த 'டிரேம்' வரியில் நின்றுபோனால் சந்தேகம் ரேம் அமைப்பின் மேல். 'யு-பூட் எஸ்பிஎல்' மட்டும் வந்து மௌனமானால், முதல் கட்டம் எழுந்துவிட்டது. ரேமோ இரண்டாம் கட்டமோதான் கோளாறு. 'பேட் சிஆர்சி' எச்சரிக்கையைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அமைப்பு மதிப்புகளை இதுவரை சேமிக்காத புதிய போர்டிலும் அது வரும். 'சேவ்என்வி' என்று தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெயரே வராவிட்டால், ஃபிளாஷ் சிப்பைக் கழற்றுவதற்கு முன் சீரியல் வேகத்தைப் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் அது 115200. அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.