ஐஸ் உருகினால் சைக்கிள்: யாப் ஏடன்

1895-ம் வருஷத்தை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. பிப்ரவரியில் நார்வேயின் ஹாமர் ஊரில் ஐஸ் ஸ்கேட்டிங் உலக சாம்பியன். அதே வருஷம் கோடையில் ஜெர்மனியின் கொலோனில் சைக்கிள் ஸ்பிரின்ட் உலக சாம்பியன். இரண்டும் ஒரே ஆள். பெயர் யாப் ஏடன், ஹாலந்துக்காரர். அப்போ அவருக்கு வயசு 21.

பிறந்தது 1873-ல், க்ரோனிங்கன் நகரில். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1892-ல் தொடங்கி, அடுத்த வருஷமே ஆம்ஸ்டர்டாமில் தன் முதல் உலகப் போட்டியை நடத்தியது. அதில் ஜெயித்தது ஏடன். 1894-ல் ஹாமரில் 5000 மீட்டரை 8 நிமிடம் 37.6 விநாடியில் முடித்தார். கணக்குப் போட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் வேகம்! அந்தச் சாதனையை உடைக்க 17 வருஷம் ஆச்சு.

சரி, ஸ்கேட்டிங்காரருக்கு எதுக்கு சைக்கிள்? உடம்பைப் பார்த்தால் காரணம் புரியும். இரண்டிலும் முதுகை வளைத்துக் குனிந்தபடி, தொடை பலத்தில்தான் ஓட்டம். அதனால் கோடையில் சைக்கிள் மிதிப்பது ஸ்கேட்டிங்காரருக்கு நல்ல பயிற்சி. ஏடனுக்கு அது பயிற்சியோடு நிற்கவில்லை. 1894-ல் ஆன்ட்வெர்ப்பில் 10 கிலோமீட்டர் சைக்கிள் பட்டத்தையும் தட்டிக்கிட்டு வந்துட்டார்.

காசு விஷயமும் இருக்கு. அன்றைய ஐஸ் இயற்கை கொடுத்தது. குளிர் அடித்தால் போட்டி, வெயில் அடித்தால் எல்லாரும் வீட்டுக்கு. சைக்கிள் ஓடுதளம் அப்படியில்லை. வேலி உண்டு, வாசலில் டிக்கெட் உண்டு, ஜெயித்தால் பரிசுப் பணம் உண்டு.

1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மூன்றாவது ஸ்கேட்டிங் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு காசுக்கு ஓட்டும் தொழில்முறை சைக்கிள் வீரராக மாறினார். இங்கேதான் சிக்கல். ஸ்கேட்டிங் உலகப் போட்டி அமெச்சூர்களுக்கு மட்டும். பந்தயத்தில் காசு வாங்கியவருக்கு அங்கே இடம் கிடையாது. ஆக, 22 வயசோடு அவருடைய ஸ்கேட்டிங் பட்டங்கள் முடிந்தன. காலில் பலம் இருந்தது, சட்டம்தான் இடம் கொடுக்கவில்லை.

அமெச்சூர் விதியை விளையாட்டின் தூய்மைக்கு என்று சொல்வாங்க. எனக்கு அது சோற்றுக் கவலை இல்லாதவங்க எழுதின விதியாத்தான் தெரியுது. கை நிறையக் காசுள்ளவருக்கு அதனால் நஷ்டமே இல்லை. விளையாட்டை நம்பிப் பிழைக்க நினைத்தவருக்கு ஒரு கதவைத் திறக்க இன்னொன்றை மூடியாகணும்.

சைக்கிளில் வந்த காசும் நிலைக்கவில்லை. 1925-ல் 51 வயதில் ஹார்லெமில், பெரும்பாலும் மறக்கப்பட்ட மனிதராக இறந்தார்.

1961-ல் நெதர்லாந்தின் முதல் 400 மீட்டர் செயற்கை ஐஸ் தளம் ஆம்ஸ்டர்டாமில் திறந்தது. குளிரை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வாசலில் டிக்கெட்டும் உண்டு. அதற்கு வைத்த பெயர், யாப் ஏடன் தளம்.