எக்ஸ்மூர் மட்டக்குதிரை: தொன்மையும் தொடர்ச்சியும்

பரி, புரவி, இவுளி, மா எனக் குதிரையைச் சுட்டும் சொற்கள் தமிழில் பல. அவற்றுள் உயரம் குறைந்த வகையை மட்டக்குதிரை என்பது வழக்கு. ஈண்டு 'மட்டம்' என்பது உயரத்தின் அளவைக் குறித்ததே அன்றித் தகுதிக் குறைவைக் குறித்ததன்று. பிரித்தானியத் தீவுகளுக்கே உரிய மட்டக்குதிரை இனங்கள் பல உள்ளன. வடகோடித் தீவுகளின் ஷெட்லாந்து, வேல்ஸ் மலைநாட்டின் வெல்ஷ், தென்மேற்கின் டார்ட்மூர், தெற்கின் நியூ பாரஸ்ட் ஆகியன அவற்றுட் சில. இவை அனைத்தினும் பழமையானது எனப் பெருமையோடு பேசப்படுவது எக்ஸ்மூர் இனம். அப்பெருமைக்கு ஆதாரம் யாது, அவ்வினம் இன்றுவரை அழியாது நிலைத்தமைக்குக் காரணம் யாது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நிலமும் வாழ்வும்

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட், டெவன் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் மேட்டுநிலமே எக்ஸ்மூர். இதன் வடவெல்லை பிரிஸ்டல் கால்வாய்க் கடல். இதன் மிக உயர்ந்த முகடாகிய டங்கரி, 519 மீட்டர் உயரமுடையது. உயரம் பெரிதன்று. எனினும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேரே வந்து மோதுவதால் மழையும் மூடுபனியும் இங்கு மிகுதி. மண் புளிப்புத் தன்மை உடையது. முரட்டுப் புல்லும், கோரையும், குறும்புதர்களும், கோர்ஸ் எனப்படும் முட்செடியுமே இங்குச் செழித்து வளர்கின்றன. 1954ஆம் ஆண்டு இந்நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.

கொட்டிலும் கொள்ளும் இன்றி ஆண்டு முழுதும் இத்தகைய வெட்டவெளியில் வாழ்பவை எக்ஸ்மூர் மட்டக்குதிரைகள். பிற கால்நடைகள் ஒதுக்கும் முரட்டுப் புல்லையும், குளிர்காலத்தில் கோர்ஸ் முட்செடியையும் மேய்ந்து உயிர் வளர்க்கும் வன்மை இவற்றுக்கு உண்டு.

தோற்றக் கூறுகள்

குதிரையின் உயரத்தைத் தோள்முகடு வரை 'கை' என்னும் அளவால் அளப்பது ஆங்கிலேயர் மரபு. ஒரு கை நான்கு அங்குலம். எக்ஸ்மூர் இனத்துப் பெண்குதிரை 12 கை 2 அங்குலத்திற்கும், ஆண்குதிரை 12 கை 3 அங்குலத்திற்கும் மேற்படலாகாது என்பது விதி. அஃதாவது ஏறத்தாழ 130 சென்டிமீட்டருக்குள் அடங்கும் உயரமாகும். உயரம் சிறிதாயினும் அகன்ற மார்பும், பருத்த உடலும், குறுகிய உறுதியான கால்களும் இவ்வினத்திற்கு உரியன. வளர்ந்த ஆடவரையும் இது எளிதிற் சுமக்கும்.

செம்பழுப்பு, பழுப்பு, மங்கிய மஞ்சட்பழுப்பு என்னும் நிறங்களே இவ்வினத்திற்கு ஏற்புடையவை. பிடரிமயிர், வால், கால்கள் ஆகியன கருமை பெற்றிருக்கும். உடலில் எங்கும் வெண்புள்ளி இருத்தல் கூடாது. வாயையும் மூக்கையும் சுற்றி மாவு பூசியது போன்ற வெளிறிய நிறம் காணப்படும். கண்ணைச் சுற்றியும் அவ்வெளிறல் உண்டு. அன்றியும் இமைகளைச் சுற்றித் தசை தடித்துப் புடைத்திருத்தலால் அக்கண்ணைத் 'தேரைக்கண்' என வழங்குவர். மழையையும் பனியையும் கண்ணிற் படாது விலக்குவதற்கு இத்தடிப்பு துணைசெய்கின்றது.

குளிர்காலத்தில் இதன் மயிர்ப்போர்வை ஈரடுக்காகின்றது. உள்ளடுக்கு கம்பளி போன்ற மென்மயிர். வெளியடுக்கு நெய்ப்புடைய நீண்ட மயிர். மழைநீர் வெளியடுக்கின் வழியே வழிந்தோடிவிட, உள்ளடுக்கு உலர்ந்தே இருக்கும். உடற்சூடு வெளியேறாமையால் முதுகின்மேல் விழுந்த பனி உருகாமல் கூரைபோல் தங்கிக் கிடப்பதும் உண்டு. வாலின் அடியில் விசிறிபோல் விரிந்த குறுமயிர்க் கற்றை 'பனிவால்' எனப்படும். அது நீரை உடலின் மறைவிடங்களில் படாது புறத்தே வழியச் செய்கின்றது. இக்கூறுகள் ஒவ்வொன்றும் அந்நிலத்தின் தட்பவெப்பத்தோடு பொருந்தி நிற்றல் எண்ணத்தக்கது.

தொன்மை பற்றிய கருத்து

இத்தகைய பொருத்தத்தைக் கண்டோர், பனியூழிக் காலத்தில் அத்தீவுகளில் திரிந்த காட்டுக்குதிரையின் கலப்பற்ற வழித்தோன்றலே எக்ஸ்மூர் எனக் கருதினர். எடின்பரோவில் கால்நடை மருத்துவ அறிஞராக விளங்கிய ஜேம்ஸ் ஸ்பீடு, எக்ஸ்மூர் குதிரைகளின் எலும்புகளைத் தொல்லுயிர் எச்சங்களோடு ஒப்பிட்டு இக்கருத்திற்கு வலுவூட்டினார். நூல்களிலும் விளம்பரங்களிலும் இது பன்முறை எடுத்துரைக்கப்பெற்றது.

எழுத்துச் சான்றுகளோ இவ்வளவு தொலைவு செல்வதில்லை. 1086ஆம் ஆண்டின் 'டூம்ஸ்டே' நிலக்கணக்கேடு, அவ்வட்டாரத்தில் பழக்கப்படாத பெண்குதிரைகள் இருந்தமையைக் குறிக்கின்றது. அவற்றின் நிறமோ உருவமோ அதிற் கூறப்படவில்லை. அவை இன்றைய எக்ஸ்மூர் குதிரைகளின் முன்னோர் எனக் கொள்ள இடமுண்டு. அதனையே கலப்பின்மைக்குச் சான்றாகக் காட்ட இடமில்லை. அண்மைக்கால மரபணு ஆய்வுகளும் வேறு திசையைக் காட்டுகின்றன. பழக்கப்பட்ட குதிரைகளின் மூதாதையர் ஐரோப்பாவின் கிழக்கே வோல்கா, டான் ஆறுகளின் தென்பகுதிப் புல்வெளிகளில் தோன்றி, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிற நிலங்களுக்கு விரைந்து பரவினர் என்பது 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வின் முடிவு. எனவே எக்ஸ்மூர் பனியூழிக் காலத்திலிருந்து தனித்து நின்ற இனம் என்பதனை மெய்யெனக் கொள்ளுதல் இயலாது. அங்ஙனமாயின் அதன் பெருமை குன்றுமோ எனின், அதற்கு விடை பிற்கால வரலாற்றில் உள்ளது.

1818: முதல் நெருக்கடி

எக்ஸ்மூரின் நடுப்பகுதி பல நூற்றாண்டுகளாக அரச வனமாக இருந்தது. ஈண்டு 'வனம்' என்பது மரம் அடர்ந்த காடன்று. வேட்டைக்கென அரசச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட நிலம். அங்கே மேய்ந்த குதிரைகள் வனக்காவல் தலைவரின் பொறுப்பில் இருந்தன. 1818இல் அரசு தன் பங்கு நிலத்தை ஜான் நைட் என்னும் இரும்புத் தொழிலதிபருக்கு 50,000 பவுனுக்கு விற்றது. குதிரைகளும் விற்பனைக்கு வந்தன. அவ்வேளையில் கடைசிக் காவல் தலைவரான சர் தாமஸ் ஆக்லண்ட், பழைய மந்தையிலிருந்து சுமார் 30 குதிரைகளைத் தேர்ந்து வின்ஸ்போர்டு குன்றை அடுத்த தம் நிலத்திற்குக் கொண்டு சென்றார். நங்கூரச் சூட்டுக்குறி இடப்பெற்றமையால் அது 'நங்கூர மந்தை' எனப் பெயர் பெற்றது. அவ்வட்டார உழவர் சிலரும் சிற்சில குதிரைகளை வாங்கித் தத்தம் மந்தைகளைத் தொடங்கினர்.

நைட்டோ குதிரையின் உயரத்தைக் கூட்ட விழைந்து, ஆப்பிரிக்காவின் நூபியப் பகுதியைச் சார்ந்த டொங்கோலாப் பொலிகுதிரையை இனக்கலப்புக்குப் பயன்படுத்தினார். பிறந்த குட்டிகள் உயர்ந்து வளர்ந்தன. எக்ஸ்மூரின் குளிர்காலத்தைத் தாங்கும் ஆற்றலை இழந்தன. அம்முயற்சி நிலைபெறவில்லை. ஆக்லண்டும் உழவர்களும் போற்றிய குதிரைகளின் வழியே பழைய இயல்பு தொடர்ந்தது.

சங்கமும் மரபேடும்

1921ஆம் ஆண்டு டல்வர்ட்டன் நகரின் விடுதி ஒன்றில் கூடிய வளர்ப்போர், எக்ஸ்மூர் மட்டக்குதிரைச் சங்கத்தை நிறுவினர். இனத்தின் இலக்கணத்தை வரையறுத்து, கலப்பைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். காட்டுக்குதிரை போல் திரியினும் ஒவ்வொரு குதிரைக்கும் உரிமையாளர் உண்டு. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் குதிரையேறிய உழவர் திரண்டு சென்று மந்தைகளைக் குன்றிலிருந்து ஓட்டிவந்து பண்ணைகளில் அடைப்பர். சங்கத்தின் ஆய்வாளர் குட்டிகளை ஒவ்வொன்றாக நோக்கி, இலக்கணம் பொருந்தியனவற்றையே ஏற்பர். ஏற்கப்பட்ட குட்டியின் இடத்தோளில் நட்சத்திரக் குறியும் அதன்கீழ் மந்தையின் எண்ணும், இடப்புறப் பின்தொடையில் அதன் தனி எண்ணும் சூட்டுக்கோலால் இடுதல் மரபாக இருந்தது. பின்னர் தோலின்கீழ் பதிக்கும் மின்னணுச் சில்லும் அடையாளம் ஆயிற்று. வேண்டாத குட்டிகள் ஒரு காலத்தில் டெவனின் பாம்ப்டன் ஊர்ச் சந்தையில் விலைபோயின. ஆடு மேய்க்கவும், வண்டி இழுக்கவும், சந்தைக்கும் கோயிலுக்கும் சென்றுவரவும் மலைப்பண்ணைகளுக்கு இக்குதிரை ஒன்றே போதுமானதாக இருந்தது.

போரும் மீட்சியும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எக்ஸ்மூர் படைப்பயிற்சிக் களமாயிற்று. வளர்ப்போர் பலர் போருக்குச் சென்றனர். காவலற்ற குதிரைகள் படைவீரர்தம் துப்பாக்கிகளுக்கு இலக்காயின என்றும், உணவுப் பஞ்சத்தால் இறைச்சிக்காகத் திருடப்பட்டன என்றும் கூறுவர். போர் முடிந்தபோது எஞ்சியவை ஏறத்தாழ 50 குதிரைகளே. பெருமைக்குரிய தொன்மை அவற்றைக் காக்கவில்லை. மேரி எதரிங்டன் என்னும் பெண்மணியே உழவர்களை ஒன்றுதிரட்டி, மந்தைகளை மீண்டும் குன்றுகளுக்கு ஏற்றும் பணிக்கு முன்னின்றார். 1963இல் சங்கத்தின் முதல் மரபேடு அச்சேறியது.

இன்றும் இடர் முற்றும் நீங்கவில்லை. பண்ணை வேலையை இயந்திரம் ஏற்றபின் இக்குதிரைக்கு இயல்பான தேவை குறைந்துவிட்டது. பெண்குட்டிகளுக்கு மந்தையில் இடமுண்டு. ஆண்குட்டிகள் மிகுதியாக எஞ்சுகின்றன. அவற்றைப் பழக்கி நல்லிடம் சேர்ப்பதனையே பணியாகக் கொண்ட அறக்கட்டளை டல்வர்ட்டனுக்கு அருகில் இயங்குகின்றது. ஐம்பதிலிருந்து பெருகிய இனமாதலால் உறவுக்குள் கூடும் இனப்பெருக்கமும் கவலைக்குரியது. இந்நிலையில் மேய்ச்சலே அதற்குப் புதிய தொழிலாக வாய்த்துள்ளது. முரட்டுப் புல்லையும் புதரையும் மேய்ந்து அரிய பூச்செடிகளுக்கு இடமளிப்பதால், இயற்கைக் காப்பு நிலங்கள் பலவற்றில் எக்ஸ்மூர் குதிரைகள் விடப்படுகின்றன.

நிறைவாக

2015ஆம் ஆண்டு சனவரியில் எக்ஸ்மூர்ப் பெண்குதிரைகள் செக் நாட்டின் மிலோவிட்சேக்குக் கொண்டு செல்லப்பெற்றன. அது முன்னர்ச் சோவியத் படைகள் பயிற்சி செய்த களம். அங்குப் படர்ந்த முரட்டுப் புல்லை அவை மேயத் தொடங்கின. ஒரு நாட்டின் பயிற்சிக் களத்தில் அழிவின் விளிம்பைக் கண்ட இனம், மற்றொரு நாட்டின் பயிற்சிக் களத்தைப் புல்வெளியாகப் பேணுகின்றது.

எக்ஸ்மூரின் வரலாற்றில் ஐயத்திற்கு இடமின்றி நிற்பவை மூன்று: 1818இல் ஒருவர் தேர்ந்தெடுத்த 30 குதிரைகள், 1921இல் சிலர் கூடி வகுத்த விதி, போருக்குப்பின் எஞ்சிய 50 குதிரைகளைக் கைவிடாத உழவர்கள். பனியூழிக் காலம் பற்றிய கருத்து வலுவிழந்த பின்னும் இம்மூன்றும் வலுவிழக்கவில்லை. ஓரினம் எத்துணைப் பழையது என்று கேட்பதனினும், அதனை இந்த ஆண்டின் குளிர்காலம் கடத்துவோர் யாவர் என்று கேட்பதே அவ்வினத்திற்குப் பயன் தருவதாகும்.