ஓர் ஏடு, பல படிகள்

ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோரிடம் இருவகைப் பிழை நேரும். ஓரெழுத்தை வேறெழுத்தாக எழுதிவிடுவது ஒன்று. பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியர் கண்ணில் அது பட்டுவிடும். எழுதிய ஏட்டையே மறுபடியும் எழுதிக் கட்டில் கோத்துவிடுவது மற்றொன்று. அந்த ஏடுகளைத் தனித்தனியே படித்தால் பிழையே தென்படாது. கட்டைப் பிரித்து எண்ணினால்தான் தெரியும். மரபணுப் பிறழ்வால் புற்றுநோய் வருகிறது என்னும்போது முதல் வகையையே நாம் நினைக்கிறோம். சினைப்பைப் புற்றுநோயில் இரண்டாம் வகையின் ஆட்சி பெரிது.

அந்நோயில் மிகுதியாகக் காணப்படுவதும் மிகுதியாக உயிர் பறிப்பதும் உயர்நிலை சீரஸ் வகை. பெயர் சினைப்பையுடையது என்றாலும், பல வேளைகளில் அது முளைவிடுவது கருக்குழாயின் விரல் போன்ற நுனியில். இவ்வகைக் கட்டிகள் 489ஐ ஆராய்ந்த அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்று 2011இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. புரதக் குறிப்புப் பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படித்த 316 கட்டிகளில் 96 விழுக்காட்டில், காவல் மரபணுவான டிபி53 பழுதாகியிருந்தது. அதற்கப்பால் அடிக்கடி திரும்பி வந்த எழுத்துப்பிழைகள் சொற்பம். படிகளின் கணக்கோ தாறுமாறாகக் கிடந்தது. சிசிஎன்இ1, மிக், மெக்காம் என்னும் மரபணுக்கள் ஒவ்வொன்றும் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகளில் பெருகியிருந்தன.

இவற்றுள் சிசிஎன்இ1இன் கதை தனியே சொல்லத்தக்கது. 19ஆம் குரோமோசோமில் இருக்கும் இது சைக்ளின் இ என்ற புரதத்தை ஆக்குவது. சைக்ளின் குடும்பத்தை முதலில் கண்டவர் டிம் ஹன்ட். 1982இல், வுட்ஸ் ஹோல் கடற்கரை ஆய்வகத்தில், கடல்முள்ளெலியின் முட்டைகளில். செல் பிளவுறும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி, பிறகு சட்டென்று மறையும் புரதம் அது. 2001இல் ஹன்ட் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது அந்த ஏற்ற இறக்கமே. சைக்ளின் இ, சிடிகே2 என்ற நொதியோடு சேர்ந்து, டிஎன்ஏவைப் படியெடுக்கலாம் என்று செல்லுக்கு உத்தரவு தருகிறது. உத்தரவு தந்ததும் அது சிதைக்கப்பட வேண்டும். மரபணுவின் படிகள் பெருகிய செல்லிலோ அது வடிவதே இல்லை. மூலப்பொருள் சேருமுன்பே படியெடுப்பு தொடங்கிவிடுகிறது, பாதியில் தடைப்படுகிறது, இழை அறுகிறது. அறுந்ததைக் கண்டு செல்லை நிறுத்த டிபி53ஆவது இருந்திருக்க வேண்டும். அது முன்னமே போய்விட்டது.

இப்படி ஓயாமல் அறுபடும் செல் பிழைத்திருப்பது எப்படி? பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 தலைமையிலான பழுதுபார்ப்பு அதனிடம் சிதையாமல் இருப்பதால்தான். அதனாலேயே பிஆர்சிஏ இழப்பும் சிசிஎன்இ1 பெருக்கமும் ஒரே கட்டியில் சேர்ந்திருப்பது அரிது. இரண்டையும் செல்லால் தாங்க முடியாது. நோயாளிக்கு இதன் பொருள் கொடியது. சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகள் டிஎன்ஏவைச் சிதைத்தே செல்லைக் கொல்கின்றன. 2014இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ஓலாபரிப், பழுதுபார்க்கத் தெரியாத செல்களையே வீழ்த்துகிறது. சிசிஎன்இ1 பெருகிய கட்டிக்கோ பழுதுபார்க்கும் கை நன்றாகவே இருக்கிறது. ஆகவே பிளாட்டினத்துக்கு அது எளிதில் பணிவதில்லை.

பெருகியிருக்கும் ஒவ்வொரு மரபணுவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் தவறு. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 புரதத்தை மறித்து வெற்றிகண்ட டிராஸ்டுசுமாப் மருந்து, அதே புரதம் மிகுந்திருந்த சினைப்பைப் புற்றுநோயாளர் 41 பேருக்குத் தரப்பட்டபோது 7 விழுக்காட்டினருக்கே கட்டி சுருங்கியது. 2003இல் வெளியான அந்த முடிவு பலருக்கு ஏமாற்றம். எனக்கென்னவோ, வெற்றிபெற்ற ஆய்வுகள் சிலவற்றைவிட அது அதிகம் கற்பித்ததாகத் தோன்றுகிறது.

சிசிஎன்இ1 மீது இப்போது தொடுக்கப்படும் தாக்குதல் நேரடியானதன்று. படியெடுப்பு முடியும்வரை செல் பிளவுறாமல் பிடித்துவைக்கும் தடைகள் இரண்டு: வீ1, பிகேஎம்ஒய்டி1 என்னும் நொதிகள். அவசரத்தில் ஓடும் செல்லுக்கு இந்தத் தடைகளே உயிர்நாடி. அவற்றை மருந்தால் விலக்கிவிட்டால், அரைகுறையாகப் படியெடுத்த டிஎன்ஏவோடு செல் பிளவுக்குள் பாய்ந்து சிதறுகிறது. இந்த மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. அச்சோதனைகள் சிலவற்றில் சேரும் பெண்ணின் கட்டியில் முதலில் எண்ணப்படுவது, அந்த ஓர் ஏட்டுக்கு எத்தனை படிகள் என்பதுதான்.