ஆந்திரே பெத்தேயும் ஸ்ரீபுரம் ஆய்வும்

இந்தியச் சமூகவியலாளர் ஆந்திரே பெத்தேய், 1934ஆம் ஆண்டு வங்காளத்தின் சந்தன்நகரில் பிறந்தார். அப்போது அந்நகர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. கொல்கத்தாவில் மானிடவியல் பயின்ற அவர், 1959இல் எம். என். சீனிவாஸ் தொடங்கியிருந்த தில்லிப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். சுமார் நாற்பது ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கினார். நூலில் அவ்வூருக்கு 'ஸ்ரீபுரம்' எனப் புனைபெயர் இட்டார். அக்கிரகாரம், பிராமணர் அல்லாதார் தெருக்கள், ஆதிதிராவிடர் சேரி என ஊர் மூன்றாகப் பிரிந்திருந்தது. அவருக்கு அக்கிரகாரத்தில் சில நிபந்தனைகளுடன் வீடு கிடைத்தது. அதனால் மற்றவர்கள் அவரையும் பிராமணராகவே கருதினர். சேரி மக்களுடன் தாராளமாகப் பழக முடியவில்லை. தாம் ஆராய வந்த ஏற்றத்தாழ்வு தம் ஆய்வுக்கே எல்லை வகுத்ததை அவர் மறைக்காமல் நூலின் முன்னுரையில் பதிவு செய்தார்.

இந்நூல் 1965இல் வெளிவந்தது. முற்காலத்தில் சாதி உயர்வு, நிலவுடைமை, ஊர் அதிகாரம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே பிரிவினரிடம் குவிந்திருந்தன. ஆங்கிலக் கல்வியும் நகர வேலையும் பிராமண மிராசுதாரர்களை வெளியே இழுத்தன; நிலங்கள் கைமாறின. வாக்குரிமையும் கட்சி அரசியலும் வந்தபின் ஊராட்சி அதிகாரம் பிராமணர் அல்லாதாரிடம் சென்றது. எனவே சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும் என்றார் பெத்தேய். மாக்ஸ் வெபரின் சிந்தனை இதற்குத் துணைநின்றது. ஆயினும் ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகளாகவே இருந்தனர். மாற்றத்தின் பலன் எல்லோரையும் சமமாக எட்டவில்லை.

பிற்காலக் கட்டுரைகளில் அவர் வேறொரு முரண்பாட்டைச் சுட்டினார். பழைய சமூகத்தில் வாழ்க்கையும் சட்டமும் ஏற்றத்தாழ்வை ஒருசேர ஏற்றன. இன்று அரசியலமைப்பு சமத்துவத்தைக் கூறுகிறது. அன்றாட வாழ்வு அதற்கு இணங்குவதில்லை.

இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் வழிகுறித்து அவர் கருத்து சர்ச்சைக்குள்ளானது. உயர்கல்வியில் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டை விரிவுபடுத்தும் முடிவை எதிர்த்து, 2006இல் தேசிய அறிவு ஆணையத்திலிருந்து விலகினார். இடஒதுக்கீட்டை ஆதரிப்போர் இந்நிலைப்பாட்டை மறுத்தனர். எனினும், ஏற்றத்தாழ்வை நேரில் கண்டு, பிரித்து ஆராய்ந்து எழுதும் அவரது முறை சமூகவியல் மாணவர்களுக்கு இன்றும் பாடமாக உள்ளது.