தொழுநோயை நரம்பு நோயாக அறிதல்: செங்கல்பட்டு திருமணியின் பங்கு

சித்த மருத்துவ நூல்களில் குட்டம் என்றும் மக்கள் வழக்கில் பெருநோய் என்றும் குறிக்கப்பட்ட தொழுநோய், நெடுங்காலம் தோலையும் சதையையும் அழுகச் செய்யும் நோயாகவே கருதப்பட்டது. காலனிய அரசின் 1898-ஆம் ஆண்டுச் சட்டமும் புண் தோன்றியவரையே தொழுநோயாளி என முதலில் வரையறுத்தது. நோய் முற்றியபின் வரும் விளைவே நோயின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. நோய்க்கிருமியை நார்வே நாட்டு ஹேன்சன் 1873-இல் கண்டறிந்தார். நரம்புகள் தடிப்பதையும் ஐரோப்பிய மருத்துவர் அறிந்திருந்தனர். எனினும் விரல்கள் மடங்குவதும் குறைவதும் எவ்வாறு என்னும் வினா தெளிவுபெறவில்லை.

அத்தெளிவு பிறந்த இடங்களுள் செங்கல்பட்டை அடுத்த திருமணி முதன்மையானது. அங்கு 1924-இல் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. பின்னர் அதன் பொறுப்பிலிருந்த இராபர்ட் காக்ரேன், 1940-களில் டாப்சோன் மருந்தை நோயாளிகளுக்கு அளித்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1947-இல் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டுக்கு வந்தார். விரல்கள் உள்நோக்கி மடங்கிய ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு அவர் கூறினார். செயலற்றதாகத் தோன்றிய அக்கையின் பிடி அவருக்கு வலியூட்டும் அளவுக்கு வலுவாயிருந்தது. முன்கைத் தசைகள் உயிருடன் உள்ளன. உள்ளங்கையின் சிறுதசைகளே செயலிழந்துள்ளன என்பதை அப்பிடி உணர்த்தியது. கேட்பதற்குச் சிறு நிகழ்வேயாயினும், நோயியல் வரலாற்றில் இதன் எடை பெரிது.

பிராண்டும் உடன் பணியாற்றியோரும் இறந்த நோயாளியின் உடலை ஆராய்ந்தபோது நரம்பு வீக்கம் எங்கும் பரவியிருக்கவில்லை. முழங்கையின் பின்புறம், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை ஒட்டித் தோலுக்கு அருகில் நரம்பு செல்லும் பகுதிகளிலேயே அது மிகுந்திருந்தது. குளிர்ந்த இடங்களைக் கிருமி நாடுவதே காரணம் எனலாம். முன்கைத் தசைகளுக்குச் செல்லும் நரம்புக் கிளைகள் பெரும்பாலும் தப்புவதால், அங்குள்ள தசைநாரை விரல்களுக்கு மாற்றிப் பொருத்த இயலும் என்னும் முடிவு இதிலிருந்து எழுந்தது. அத்தகைய அறுவை மருத்துவம் 1948-இல் வேலூரில் தொடங்கியது. விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. உணர்விழந்த கையில் நாள்தோறும் நேரும் தீப்புண்ணும் வெட்டும் கவனிக்கப்படாமையே அவற்றைக் குறைக்கின்றது என்பதும் படிப்படியாக நிறுவப்பட்டது. அழுகல் என்னும் கருத்தின்மேல் நின்ற அருவருப்புக்கு இதைவிட வலுவான மறுப்பு அரிது. ஆயினும் அவ்வருவருப்பு மருத்துவ அறிவின் வேகத்தில் மறையவில்லை.

இந்திய அரசு 1955-இல் திருமணி மருத்துவமனையையும் சைதாப்பேட்டைச் சிறுவர் மருத்துவ நிலையத்தையும் ஏற்று, மத்தியத் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தது. புண்ணை நோக்கிய பழைய கணிப்பு முறை இன்று மாறியுள்ளது. உணர்விழந்த தேமல், தடித்த நரம்பு, தோல் திசுநீரில் கிருமி ஆகியவையே முதன்மை அடையாளங்கள். கண்ணை மூடச் செய்து தேமலைத் தொட்டுப் பார்த்தலும், முழங்கையின் பின்புற நரம்பை விரலால் தடவி அறிதலும், விரல்களை அகற்றச் சொல்லித் தசை வலுவைச் சோதித்தலும் பெருங்கருவி வேண்டாதவை. புதிதாக நேர்ந்த நரம்புச் செயலிழப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் அறியப்பட்டால், பிரெட்னிசோலோன் மருந்தால் மீள வாய்ப்புண்டு. அக்காலம் கடந்தபின் பெரும்பாலும் எஞ்சுவது தசைநார் மாற்று அறுவையே.