ஜெர்மனியில் ஆய்வுக்குழுத் தலைமை

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிதியும் உதவியாளர்களும் நெடுங்காலமாகப் பேராசிரியர் பதவியைச் சார்ந்தே இருந்தன. முனைவர் பட்டம் பெற்றவர் ‘ஹபிலிட்டேசன்’ எனப்படும் மேல்தகுதியையும் அடைந்த பின்னரே தம் பெயரில் விரிவுரை நிகழ்த்த முடிந்தது. அதுவரை மற்றொருவரின் கீழ்தான் பணி. பலருக்கு அதற்குள் நாற்பது வயது நெருங்கிவிடும்.

பெண்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. பிரஷ்ய அரசின் 1908ஆம் ஆண்டு ஆணை அவர்களுக்கு ஹபிலிட்டேசனை மறுத்தது. கணிதவியலாளர் எம்மி நோய்தரை 1915இல் டேவிட் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தனர். ஆயினும் அவருடைய விரிவுரைகள் ஹில்பர்ட்டின் பெயரிலேயே அறிவிக்கப்பட்டன. சமச்சீர்மைக்கும் ஆற்றல் அழியாமை போன்ற இயற்பியல் விதிகளுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய அவரது 1918ஆம் ஆண்டுக் கட்டுரையைக்கூட, கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் கிளைன்தான் முன்வைத்தார். நோய்தர் அக்கழகத்தின் உறுப்பினர் அல்லர். போர் முடிந்தபின் 1919இல் ஹபிலிட்டேசன் கிடைத்தது. ஊதியத்துக்கோ 1923 வரை காத்திருந்தார். யூதரான அவரை 1933இல் நாசி அரசு பணிநீக்கம் செய்தது.

ஜெர்மன் ஆராய்ச்சி நிதியம் 1999இல் தொடங்கிய திட்டம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஹபிலிட்டேசன் இல்லாத இளம் ஆய்வாளரும் இதன்வழித் தம் ஊதியத்தையும் குழுவின் செலவையும் பெற்று, இப்போது ஆறு ஆண்டுகள் வரை சொந்தக் குழுவை நடத்தலாம். பணத்தைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றமே. அதிகாரம் அவ்வளவாகக் கைமாறவில்லை: குழுவிலுள்ள மாணவரின் முனைவர் ஆய்வேட்டை மதிப்பிடும் உரிமை குழுத்தலைவருக்கு உண்டா என்பதைப் பல்கலைக்கழகத்தின் அந்தந்தப் புலமே தன் விதிகளால் முடிவு செய்கிறது. நிதிக்காலம் முடிந்தபின் நிரந்தரப் பதவிக்கும் உறுதியில்லை.