ஆற்றுநீரிலும் வண்டலிலும் நிலைத்த கரிம மாசுகள்: தருமபுரி மாவட்டம்

நிலைத்த கரிம மாசுகள் எளிதில் சிதையாமல் ஆண்டுக்கணக்கில் தங்கி, உயிர்களின் கொழுப்பில் சேரும் நச்சுப் பொருள்கள். டி.டி.டி., பி.எச்.சி., எண்டோசல்பான், பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பி.சி.பி., குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின் முதலியன இவ்வகை. இவற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் உருவானது. இந்தியா 2006இல் அதை உறுதிசெய்தது.

தருமபுரியின் இரு பெரிய ஆறுகளான காவிரியும் தென்பெண்ணையும் பெங்களூருவின் கழிவை வாங்கிக்கொண்டே வருகின்றன. பெங்களூருவில் ஓடும் விருஷபாவதி அர்க்காவதியிலும், அர்க்காவதி காவிரியிலும் கலக்க, அந்தக் காவிரி மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு தாண்டி ஒகேனக்கல்லில் விழுகிறது. தென்பெண்ணை ஓசூரின் கெலவரப்பள்ளி அணையில் நுரைத்துவிட்டு அரூர்ப் பக்கம் இறங்குகிறது. உள்ளூர் வயல்களில் முன்பு தூவிய பூச்சிமருந்தின் எச்சமும் மழையோடு சேரக்கூடும்.

இந்த மாசுகள் நீரில் கரைவது மிகக் குறைவு. மக்கிய பொருள் கலந்த நுண்வண்டலில்தான் பெரும்பாலும் ஒட்டும். அதனால் ஆய்வகத்தில் கண்ணாடியிழைத் தாளில் நீரை வடிகட்டி, தெளிந்த நீரையும் தங்கிய துகளையும் தனித்தனியே பகுப்பாய்வு செய்வார்கள். கோடையில் தெளிந்த நீரை மட்டும் மொண்டு பார்த்து 'மாசில்லை' என்பது அரைச்சோதனை. ஆடிப் புதுவெள்ளத்தின் செங்கலங்கலையும் பார்க்க வேண்டும்.

தமிழகத்தில் இத்தகைய ஆய்வுக்கு நல்ல முன்மாதிரி வெள்ளாறு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் 1980களின் பிற்பகுதியில் ஆற்றுநீர், வண்டல், காற்று மூன்றையும் அளந்தன. 1991இல் வெளியான கணக்குப்படி, அவ்வாற்றுப் படுகை வயல்களில் இட்ட பி.எச்.சி.யில் 99.6 விழுக்காடு காற்றில் ஆவியாயிற்று, 0.4 விழுக்காடே கழிமுகத்துக்குச் சென்றது. வெப்ப நாட்டில் வண்டல் சுத்தமாகத் தெரிந்தால், நஞ்சு அழிந்தது என்று பொருளல்ல, வேறெங்கோ பறந்திருக்கலாம். டி.டி.டி. அவ்வளவு எளிதில் பறக்காது, அடிவண்டலில் தங்கும். பின்னர் இந்தியாவில் பி.எச்.சி. 1997இலும் எண்டோசல்பான் உச்ச நீதிமன்ற ஆணையால் 2011இலும் தடைசெய்யப்பட்டன.

காவிரியின் வண்டல் கடைசியில் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் படிகிறது. அதன் மேற்பரப்பில் ஒரு பகுதி பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்தது. அடிச்சேற்றில் மேயும் மீன்களின் கொழுப்பில் இந்த மாசுகள் செறியக்கூடும். ஃபுளூரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமும் இதே ஆற்றை நம்பியது. படிகாரமும் மணல் வடிகட்டியும் துகளோடு ஒட்டியதை நீக்கும். கரைந்ததற்குக் கிளர்வூட்டிய கரி தேவை. இந்தியத் தரம் குடிநீரில் லிட்டருக்கு டி.டி.டி. 1 மைக்ரோகிராம், பி.எச்.சி.யின் ஒரு வடிவமான ஆல்பா எச்.சி.எச். 0.01 மைக்ரோகிராம் வரையே ஏற்கிறது.

பிலிகுண்டுலுவில் நீரோடு கலங்கல் துகளையும், நீர்த்தேக்கத்து மீனையும் ஆண்டுதோறும் சோதித்து அந்த எண்களை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.